குரைப்பொலியும் கதவு தட்டலும்

வெள்ளவத்தையில் அண்மையில் வீடொன்றை வாங்கிய நண்பர் ஒருவர் என்னிடம் யோசனை கேட்டார். வாயிலில் எவரேனும் கால் வைத்தவுடன் உள்ளே மணி ஒலிக்கும் மின்கருவியைப் பொருத்துவதா, அல்லது நாயொன்றை வளர்ப்பதா என்பதே அவரது கேள்வி. விலையையும் பராமரிப்பையும் ஒப்பிட்டு ஒரு வரியில் விடை சொல்லியிருக்கலாம். ஆனால், கொழும்பில் நெடுங்காலம் வாழ்ந்த தமிழனுக்கு இக்கேள்வி அத்தனை எளிதானதன்று. யாருடைய வருகையை அறிய வேண்டும் என்பது தெளிவாகாமல், எதைக் காவலுக்கு வைப்பது என்று தீர்மானிக்க இயலாது. அந்த ‘யார்’ இந்நகரில் காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறார்.

காவல் நாய் நமக்குப் புதியதன்று. அகநானூற்றின் 122ஆம் பாடலில் பரணர், இரவில் தலைவனைச் சந்திக்க விரும்பும் தலைவிக்கு நேரும் தடைகளை அடுக்குகிறார். தாய், ஊர்க்காவலர், நாய், நிலவு, கூகை, கோழி என்று அந்த வரிசை நீள்கிறது. மனிதக் காவல் கண்ணயர்ந்த பின்னரும் விழித்திருக்கும் காவலாக நாய் அங்கே நிற்கிறது. எனினும் நாயும் தவறுவதுண்டு. கி.மு. 390 அளவில் கோல் இனத்தார் உரோமின் கப்பிட்டோல் குன்றில் இரவில் ஏறியபோது நாய்கள் வாளாவிருந்தன என்றும், கோயில் வாத்துகளே காவலரை எழுப்பின என்றும் உரோமர் மரபு கூறும்.

மின்கருவியின் வரலாறு மிகப் பிந்தியது. அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஒகஸ்டஸ் ரஸல் போப் 1853இல் மின்காந்த எச்சரிக்கை மணிக்குக் காப்புரிமை பெற்றார். கதவோ சன்னலோ திறந்தால் மின்சுற்று பூர்த்தியாகி மணி ஒலிக்கும். அவ்வுரிமையை விலைக்கு வாங்கிய எட்வின் ஹோம்ஸ் அதை ஒரு பெருந்தொழிலாக வளர்த்தெடுத்தார். இன்றைய கருவிகள் பலவும் உடல் வெப்பத்திலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரின் மாற்றத்தை உணர்ந்து ஒலிப்பவை. பூனை கடந்தாலும் ஒலிக்கும், பால்காரர் வந்தாலும் ஒலிக்கும். கருவி ‘ஏதோ வந்தது’ என்று மட்டுமே சொல்லும். நாயோ பழகியவரையும் அந்நியரையும் பிரித்துச் சொல்லும்.

கொழும்பின் வீட்டமைப்பும் இதில் பங்கு வகித்தது. கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதி, புதுச்செட்டித் தெருப் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றின் கதவு நேரே தெருவில் திறக்கும். அங்கே அடுத்த வீட்டுத் திண்ணையே காவல். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் முற்றமும் கேற்றும் உள்ள தனிவீடுகள் இருந்தன. முற்றம் இருந்ததால் நாயும் இருந்தது. 1901ஆம் ஆண்டின் நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டப்படி நாயை மாநகரசபையில் பதிவு செய்ய வேண்டும். அக்காலத்தில் அஞ்சியது திருடனுக்கு மட்டுமே.

1983 ஜூலை 25ஆம் திகதி அந்தக் கணக்குப் பொய்த்தது. முதல்நாள் இரவு பொரளை கனத்தை மயானத்தில் மூண்ட வன்முறை மறுநாள் பட்டப்பகலில் வெள்ளவத்தையை எட்டியது. வந்தவர்கள் ஒளிந்து வரவில்லை. அவர்களிற் பலரின் கைகளில் வாக்காளர் பட்டியல் இருந்தது. எந்த வீடு தமிழருடையது என்று அறிந்து வந்தவர்களுக்கு முன்னால் நாயின் குரைப்புக்கு என்ன பயன்? அன்று உயிர் தப்பியோரிற் பலரைக் காத்த எச்சரிக்கை, “உடனே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள்” என்று மதிலுக்கு அப்பாலிருந்து வந்த சிங்கள, முஸ்லிம் அயலவரின் குரலே.

போர்க்காலத்தில் நாய்க்கு வேறொரு பணி வாய்த்தது. நள்ளிரவில் சுற்றிவளைப்பு நடக்கும்போது ஒழுங்கையின் முனையிலுள்ள நாய் முதலில் குரைக்கும். பின்னர் அடுத்த வீட்டு நாய், அதற்கடுத்தது என்று ஒலி நம்மை நோக்கி நகர்ந்து வரும். அது தந்த அவகாசம் ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோதான். அதற்குள் விளக்கைப் போட்டு, அடையாள அட்டைகளையும் பொலிஸ் பதிவுப் படிவத்தையும் எடுத்து வைத்துக்கொள்வோம். ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பிள்ளையின் பெயர் அப்படிவத்தில் உண்டா என்பதே வீட்டாரின் கவலை. கதவைத் திறக்காமலிருக்கும் உரிமை எவருக்கும் இருக்கவில்லை. நாய்களைப் பதியச் சட்டம் வந்து நூறாண்டு கடந்த பின், 2008 செப்டெம்பர் 21ஆம் திகதி, வடக்கிலிருந்து வந்து மேல் மாகாணத்தில் தங்கியிருந்த மனிதர்கள் தம்மைப் பதிவதற்காக வரிசையில் நின்றார்கள்.

நாயில்லாத விடுதிகளில் அந்தச் சில நிமிட அவகாசமும் கிட்டவில்லை. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களின் விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். கதவு தட்டப்பட்ட பின்னரே அவர்கள் செய்தி அறிந்தார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையத்தின் மனுவை அடுத்து, மறுநாளே உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பின்னர் வருத்தம் தெரிவித்தார்.

போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. வெள்ளவத்தையின் தனிவீடுகள் பலவும் இடிக்கப்பட்டுத் தொடர்மாடிகளாகிவிட்டன. முற்றம் போனதோடு நாயும் போயிற்று. கீழே காவலாளி, மேலே சிசிரிவி கமெரா. வந்தவர் முகம் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் எதிர்க்கதவில் குடியிருப்பவரின் பெயர் பலருக்குத் தெரிவதில்லை.

நண்பருக்கு நான் சொன்ன விடை இதுதான். திருடனுக்கு அஞ்சுவதாயின், முற்றம் இருக்கும்வரை நாயே மேல். நாயைப் பேண நேரமில்லையென்றால் கருவியைப் பொருத்துங்கள், பூனைக்கும் எழுந்திருக்கப் பழகுங்கள். ஆனால் இவற்றில் எதை வாங்கினாலும், வாங்கும் முன்னர் ஒரு மாலைப் பொழுதில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி உங்கள் பெயரைச் சொல்லிவிட்டு வாருங்கள். 1983இல் எச்சரித்தவர்கள் அவர்களே.