ஆறாம் வகுப்புக்கு இலக்கணம் வந்த வழி

பதினொரு வயதுப் பிள்ளைக்கு இலக்கணம் கற்பிக்கும் வழக்கம் தமிழில் அவ்வளவு பழையதல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அந்த வயதுச் சிறுவன் படித்த வரிசையே வேறு. முதலில் மணலில் விரலால் எழுத்து, பிறகு அரிச்சுவடி, எண்சுவடி. அதன்மேல் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி என்று நீதிநூல்கள், தொடர்ந்தால் நிகண்டு. எல்லாம் மனப்பாடம். ஆசிரியர் இல்லாத நேரத்தில் மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை முறை சொல்லிக்கொடுப்பான். மன்றோ ஆளுநராக இருந்தபோது எடுத்த கணக்கின்படி, 1826இல் சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். மணலில் எழுதும் முறையை இங்கே கண்ட ஆண்ட்ரூ பெல், எழும்பூர் அனாதை விடுதியில் அதைக் கையாண்டு, 1797இல் லண்டனில் அதுபற்றி நூலும் வெளியிட்டார்.

இந்த வரிசையில் இலக்கணம் கடைசியில் நின்றதற்குக் காரணம் ஓலைச்சுவடியிலேயே இருக்கிறது. ஏட்டில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. குத்தினால் ஓலை கிழியும். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடு இல்லை. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லை. பாட்டு முன்பே நெஞ்சில் இருந்தால்தான் ஏட்டைத் தடையின்றிப் படிக்க முடியும். ஆகவே வாசிப்புத் திறன் என்பது மனப்பாடத்தின் மேல் எழுந்தது. இதைக் கிளிப்பிள்ளைப் படிப்பு என்று பிற்காலத்தார் இகழ்ந்ததில் பாதி உண்மைதான். ஏடு வேறு வழி விடவில்லை என்பது மறு பாதி.

புலமை நாடியவர்கள் மட்டும் ஒரு வித்துவானிடம் போய் நன்னூல் பாடம் கேட்டார்கள். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய அந்த நூலில் 462 நூற்பாக்கள். எழுத்து, சொல் என இரண்டே அதிகாரங்கள். நூற்பாவை உருப்போட்ட பிறகுதான் உரை கேட்பது.

அச்சு வந்ததும் நிலைமை மாறியது. 1812இல் ஆங்கிலேய அதிகாரிகளுக்குத் தென்மொழிகள் கற்பிக்கத் தொடங்கிய சென்னைக் கல்விச் சங்கத்தில், மொழி தெரியாத வயதுவந்தவர்களுக்கு இலக்கணத்தை உரைநடையில் விளக்க வேண்டியிருந்தது. அங்கே தலைமைப் புலவராயிருந்த தாண்டவராய முதலியார் எழுதிய ‘இலக்கண வினாவிடை’ கேள்வியும் பதிலுமாக அமைந்தது. ஜி.யு. போப்பும் பள்ளிகளுக்கென்று படிநிலையாக வினாவிடை இலக்கணங்களை எழுதினார். துரைமார்களுக்காகப் பிறந்த வடிவம் இப்படிப் பிள்ளைகளின் கைக்கு வந்தது.

அதைப் பள்ளியில் நிலைநிறுத்தியவர்களில் முதன்மையானவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். வகுப்புக்கேற்ற பாலபாடங்களை 1850 முதல் அச்சிட்டார். உரைநடையில் நிறுத்தற்குறிகளைப் பரவலாக்கினார். எங்கே நிறுத்துவது என்பதை அச்சே காட்டிவிட்டதால், மனப்பாடம் இல்லாமலே புதிய பக்கத்தைப் படிக்க முடிந்தது. அவருடைய ‘இலக்கணச் சுருக்கம்’ நன்னூல் செய்திகளை எளிய உரைநடையில் தருவது. இடையிடையே பரீட்சை வினாக்களும் உண்டு. எழுத்து, சொல் இரண்டோடு நில்லாமல், தொடர்மொழிக்கென்று மூன்றாவது அதிகாரமும் வைத்தார்.

பின்னர் முதல் பாரம் எனப்பட்ட ஆறாம் வகுப்பில் செய்யுள், உரைநடை, இலக்கணம், கட்டுரை என்று தமிழ்ப் பாடம் பிரிந்தது. இருபதாம் நூற்றாண்டில் எழுத்துப் பயிற்சியைத் தொட்ட பெரிய மாற்றம் 1978இல் வந்த எழுத்துச் சீர்திருத்தம். பெரியார் 1935 முதல் தம் இதழில் கையாண்ட ணை, லை, னை போன்ற வடிவங்களை அரசு ஏற்றது. கொம்பு சுற்றிய பழைய எழுத்துகள் பாடநூலை விட்டுப் போயின.

சமச்சீர்க் கல்வி 2010இல் முதல் வகுப்போடு ஆறாம் வகுப்பில்தான் தொடங்கியது. 2018இல் வந்த புதிய ஆறாம் வகுப்பு நூலில் இலக்கணப் பகுதிக்குப் பெயர் ‘கற்கண்டு’. மயங்கொலிப் பாடத்தில் ணகரத்தை டண்ணகரம் என்றும், நகரத்தைத் தந்நகரம் என்றும், னகரத்தை றன்னகரம் என்றும் அது சொல்லித் தருகிறது. ‘வண்டி’யில் ட முன் ண், ‘பந்து’வில் த முன் ந், ‘கன்று’வில் ற முன் ன்: இந்த இனத் தொடர்பைப் பிடித்துக்கொண்ட மாணவன் சொல்லக் கேட்டு எழுதும்போது பாதிப் பிழையிலிருந்து தப்பிவிடுவான். காதுக்குப் பிடிபடாத வேறுபாட்டைக் கைக்குப் புரியவைக்கும் நல்ல உத்தி இது.

ஆனால் அந்நூலின் ஒன்பது இலக்கணப் பாடங்களில் ஆறு எழுத்தைப் பற்றியவை. இரண்டு சொல், ஒன்று அணி. முறை மாறியும் வரிசை இன்னும் பவணந்தியுடையதே. வாக்கியம் எழுதப் பழக வேண்டிய வயதில் வாக்கியத்துக்கென்று ஒரு பாடம் இல்லாதது குறைதான். அந்த இடத்தை நாவலர் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே ஒதுக்கியிருந்தார்.