சலங்கை கட்டிய கோல்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் எவ்வளவு தூரம் என்று பஸ்ஸில் போகிறவரைக் கேட்டால், "முக்கால் மணி நேரம்" என்பார். ரயிலில் போகிறவரைக் கேட்டால், முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று விரல் விட்டு எண்ணத் தொடங்குவார். எனக்குத் தெரிந்த ஒருவர் மட்டும், "ஒரு மாரத்தானுக்கு நாலைந்து கிலோமீட்டர் குறைச்சல்" என்று பதில் சொன்னார்.

அவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தாறு. விழுப்புரத்தில் வீடு. உத்தியோக காலம் முழுவதும் வண்டியின் கடைசிப் பெட்டியில் நின்று பச்சைக் கொடி காட்டிய மனிதர், ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்கமாட்டாமல் ஓடத் தொடங்கிவிட்டார். சென்னையில் ஜனவரி மாதம் நடக்கும் மாரத்தானில் ஒரு தடவையாவது முழுத் தூரமும் ஓடி முடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

"கடைசியாகத்தான் வருவேன். அதனால் என்ன? எனக்கு அது பழக்கம்தானே!" என்று சிரித்தார்.

அவருடைய சம்சாரத்துக்கு மட்டும் இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு என்னிடம் முறையிட்டாள்: "நீங்களாவது சொல்லுங்கள். பேரன் பேத்தி எடுத்த மனுஷர், அரை நிஜாரைப் போட்டுக்கொண்டு விடியற்காலையில் ரோட்டில் ஓடினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்?"

"அந்த நாலு பேரும் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பார்கள்" என்றார் கார்டு.

நான் யார் பக்கமும் பேசவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனாலும் அந்த அம்மாளின் கேள்வி மனத்தை விட்டுப் போகவில்லை. வயதானவன் ஓடினால் அது ஏன் நமக்கு வேடிக்கையாகப் படுகிறது? நம் நாட்டுச் சாலைகளில் மனிதர்கள் ஓடியதே இல்லையா? இப்படி யோசித்துக்கொண்டே பழைய புத்தகங்களைப் புரட்டத் தொடங்கினேன்.

சுமார் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னால் மொராக்கோ தேசத்திலிருந்து ஒரு யாத்திரிகர் இந்தியாவுக்கு வந்தார். இபின் பதூதா என்று பெயர். 1333ஆம் ஆண்டில் சிந்து நதிக் கரையை அடைந்த அவர், பிற்பாடு நம் மதுரை வரையில் வந்து, அங்கே அப்போது ஆண்ட சுல்தானுடன் இருந்துவிட்டும் போனார். இந்த நாட்டில் அவரை வியப்பில் ஆழ்த்திய விஷயங்களுள் ஒன்று தபால். குதிரைத் தபால் ஒன்று, கால்நடைத் தபால் ஒன்று என்று இரண்டு வகை இருந்தன. இரண்டில் விரைவானது கால்நடைத் தபால்தான் என்று அவர் எழுதி வைத்திருக்கிறார்!

அது எப்படி நடந்தது? ஒரு மைலை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு சாவடி. சாவடியில் ஆட்கள் இடுப்பை வரிந்து கட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருப்பார்கள். ஓடுகிறவன் ஒரு கையில் கடிதத்தையும், மறு கையில் இரண்டு முழ நீளமுள்ள ஒரு கோலையும் பிடித்துக்கொண்டு தன் பலமெல்லாம் திரட்டி ஓடி வருவான். கோலின் தலையில் செம்பு மணிகள் கட்டியிருக்கும். மணியோசை காதில் விழுந்ததுமே அடுத்த சாவடிக்காரன் எழுந்துவிடுவான். கடிதம் கை மாறும், ஓட்டம் நிற்காது. சிந்து நாட்டிலிருந்து தில்லிக்கு ஐம்பது நாள் பிரயாணம். தபால் ஐந்தே நாளில் போய்ச் சேர்ந்துவிடுமாம்.

பிறகு சுல்தான்கள் போனார்கள், கும்பெனியார் வந்தார்கள். ஓடுகிறவன் மட்டும் மாறவில்லை. 1786ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் தேதி சென்னையில் பொதுத் தபால் நிலையம் திறக்கப்பட்டபோது, அதன் கால்கள் என்று சொல்லத்தக்கவர்கள் இந்தத் தபால் ஓட்டக்காரர்களே. தோளில் மூட்டை, கையில் சலங்கை கட்டிய கோல். காட்டு வழியானால் இரவில் துணைக்குத் தீவட்டி. திருவிதாங்கூரில் இவனுக்கு 'அஞ்சலோட்டக்காரன்' என்று பெயர். சலங்கைச் சத்தம் கேட்டால் எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். திருவிதாங்கூர் அஞ்சல் 1951இல் இந்தியத் தபால் இலாகாவோடு இணைந்து மறைந்தது. ஆனால் இலங்கைத் தமிழர் இன்றும் ஒருவர் கையிலிருந்து ஒருவர் கோலை வாங்கி ஓடும் பந்தயத்தை 'அஞ்சலோட்டம்' என்றே சொல்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் இருக்கும் அந்தச் சின்னக் கோலில் சலங்கைதான் இல்லை.

புளியங்காடு என்ற பொருளில் திண்டிவனம் என்று பெயர் பெற்ற நம் ஊர்ப் பக்கத்துப் பாதைகளிலும் அந்தச் சலங்கை ஒலித்துத்தானே இருக்கும்? அப்படி ஓடியவனைப் பார்த்து யாரும் சிரித்திருக்கமாட்டார்கள். அவன் ஓடினால்தான் கடிதம் வரும். அவன் ஓடினால்தான் அவன் வீட்டு அடுப்பும் எரியும். பிறகு ரயில் வந்தது. 1879இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குக்கூட வண்டி ஓட ஆரம்பித்துவிட்டது. மனிதன் ஓட வேண்டிய அவசியம் போயிற்று. ஓட்டம் பிழைப்பாக இருந்தது மாறி, விளையாட்டாயிற்று.

விளையாட்டு என்றதும் அது வாலிபர்களின் சொத்து ஆகிவிட்டது. 1896இல் ஏதென்ஸ் நகரில் முதல் ஒலிம்பிக் மாரத்தான் நடந்தது. வென்றவர் ஸ்பிரிதோன் லூயிஸ் என்ற தண்ணீர் வியாபாரி. 1908இல் லண்டனில், வின்ட்ஸர் அரண்மனையில் புறப்பட்டு விளையாட்டு அரங்கில் ராஜ குடும்பத்தார் உட்கார்ந்திருந்த இடத்துக்கு எதிரே முடியும்படி அளந்ததில் தூரம் 26 மைல் 385 கெஜம் என்று வந்தது. கிலோமீட்டரில் 42.195. அன்று ராஜ குடும்பத்தாரின் வசதிக்காகச் சேர்ந்த அந்த 385 கெஜத்தை இன்றும் உலகமெங்கும் ஜனங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடுகிறார்கள். நம் நாட்டின் சார்பில் 1920இல் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் இந்தத் தூரத்தை ஓடியவர் பதேப்பா சௌகுலே. பத்தொன்பதாவதாக வந்தார்.

நாற்பது வயதானால் ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் இதயம் வெடித்துவிடும் என்று அந்தக் காலத்து டாக்டர்கள் பலர் நம்பினார்கள். அமெரிக்காவில் கிளாரன்ஸ் டிமார் என்று ஒருவர். அச்சுக்கூடத்தில் வேலை பார்த்தவர். இதயத்தில் ஏதோ ஓசை கேட்கிறது, இனி ஓடாதே என்று டாக்டர்கள் அவரை எச்சரித்தார்கள். அந்த வருஷமே, 1911இல், பாஸ்டன் மாரத்தானை வென்றார். பின்னர் மேலும் ஆறு முறை வென்றார். கடைசி வெற்றி 1930இல், நாற்பத்தொன்றாம் வயதில். அறுபத்தைந்து வயது வரையில் அந்தப் பந்தயத்தில் ஓடினார். 1958இல் அவர் புற்றுநோயால் இறந்த பிறகு இதயத்தைப் பரிசோதித்தார்கள். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் சாதாரண மனிதருக்கு இருப்பதைப்போல் இரண்டு மூன்று மடங்கு அகலமாக இருந்தனவாம். எச்சரித்த டாக்டர்கள் அதைப் பார்க்க உயிரோடு இருந்தார்களா என்பது வேறு விஷயம்.

இனி நம் தேசத்துக் கிழவர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பஞ்சாபில் ஜலந்தருக்கு அருகில் பியாஸ் பிண்ட் என்ற கிராமத்தில் பிறந்தவர் ஃபௌஜா சிங். அவருடைய பாஸ்போர்ட்டில் கண்டபடி பிறந்த தேதி 1911 ஏப்ரல் 1. குழந்தையாக இருந்தபோது கால்கள் குச்சிபோல் மெலிந்து, ஐந்து வயது வரையில் நடக்கவே இல்லை. வளர்ந்து விவசாயம் செய்தார். பிள்ளை குட்டிகளைப் பெற்றார். எழுதப் படிக்கத் தெரியாது. 1992இல் மனைவி இறந்தாள். 1994இல் மகன் குல்தீப், கட்டட வேலை நடந்த இடத்தில் கண்ணெதிரே விபத்தில் மாண்டான். புத்திர சோகத்துக்கு வயது ஏது? எண்பதைத் தாண்டிய அந்தத் தகப்பனார் லண்டனில் இன்னொரு மகன் வீட்டில் இருந்தார். பேச்சுத் துணை இல்லாத ஊர், துக்கம் நிறைந்த மனசு. உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போல் இருந்தது. எழுந்து நடந்தார். நடை ஓட்டமாயிற்று.

பயிற்சிக்கு முதல் நாள் வந்தபோது கோட்டும் சூட்டும் அணிந்துகொண்டு வந்தாராம்! 2000ஆம் ஆண்டில், எண்பத்தொன்பதாம் வயதில், லண்டன் மாரத்தானை 6 மணி 54 நிமிஷத்தில் ஓடி முடித்தார். 2003இல் டொராண்டோவில் அதே தூரம் 5 மணி 40 நிமிஷம். தொண்ணூற்றிரண்டாம் வயதில் ஒரு மணிக்கும் மேல் குறைத்துவிட்டார்! 2011 அக்டோபரில், நூறாவது வயதில், ஒரே நாளில் எட்டுத் தூரங்களை ஓடிக் காட்டினார். மூன்றாம் நாள் மறுபடியும் மாரத்தான். 8 மணி 11 நிமிஷம்.

கின்னஸ் புத்தகத்தில் அது ஏறவில்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லையாம். 1911இல் ஒரு பஞ்சாப் கிராமத்துக் குடியானவன் வீட்டில் பிள்ளை பிறந்தால் அதற்குக் காகிதம் எழுதி வைக்க யார் இருந்தார்கள்? காகிதம் இல்லாவிட்டாலும் கால்கள் இருந்தன. 2013இல் ஹாங்காங்கில் பத்துக் கிலோமீட்டர் ஓடிவிட்டு, பந்தயங்களிலிருந்து விடைபெற்றார்.

இது ஒரு பிறவியின் அதிசயம் என்று ஒதுக்கிவிடலாமா? ஜப்பானில் ஹிரோமு இனாடா என்பவர், நோயாளி மனைவியைக் கவனித்துக்கொள்ள அறுபதில் வேலையை விட்டவர், அப்போதுதான் நீச்சல் குளத்துக்குப் போகத் தொடங்கினார். எழுபதில் டிரையத்லான். நீந்தி, சைக்கிள் மிதித்து, பிறகு ஓடும் பந்தயம் இது. 1978இல் ஹவாய்த் தீவில் தொடங்கிய அதன் கடுமையான வகையில் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதன்மேல் ஒரு முழு மாரத்தான். எல்லாம் பதினேழு மணி நேரத்துக்குள். இனாடா 2018இல் அதை ஹவாயிலேயே முடித்தபோது அவருக்கு வயது எண்பத்தைந்து.

இதைக் கார்டிடம் சொன்னேன். "சின்ன வயதில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு கிணற்றில் நீந்தினோம். சைக்கிளில் பள்ளிக்கூடம் போனோம். பஸ்ஸைப் பிடிக்க ஓடினோம். மூன்றையும் ஒரே நாளில் சேர்த்துச் செய்யத்தான் யாருக்கும் தோன்றவில்லை" என்றார்.

அவர் பயிற்சி செய்யும் முறையையும் கேட்டுக்கொண்டேன். முதல் மூன்று மாதம் ஒரு நிமிஷம் ஓட்டம், ஒரு நிமிஷம் நடை. பக்கத்தில் வருகிறவரோடு மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகத்துக்கு மேல் போவதில்லை. வாரத்தில் ஒரு நாள் நீண்ட ஓட்டம். அதுவும் வாரத்துக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் கூட்டுவதில்லை. இரண்டு நாள் பூரண ஓய்வு. வெயில் ஏறுமுன் முடித்துவிட்டு, உப்புப் போட்ட மோர். இதில் நியாயம் இருக்கிறது. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் பழக மாதக்கணக்காகும். வயதானால் இன்னும் தாமதம். அவசரப்படுகிறவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். தேகம் பிராண வாயுவை ஏற்கும் சக்தி, முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. விடாமல் பயிற்சி செய்கிறவர்களுக்கு அந்தக் குறைவு பாதியளவாகக்கூட இருக்கலாம் என்கிறார்கள். முதுமை நம்மிடமிருந்து முதலில் வாங்கிக்கொள்வது வேகத்தை. பொறுமையாகத் தாங்கும் சக்தியை அது மெதுவாகத்தான் கேட்கிறது.

அப்படியானால் கார்டின் சம்சாரத்தினுடைய கவலை வீண்தானா? அப்படி எண்ணித்தான் மறுபடியும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஃபௌஜா சிங்கின் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னேன். அந்த அம்மாள் மூக்கில் விரலை வைத்துக்கொண்டு கேட்டாள். கடைசியில், "அந்தப் பெரியவர் இப்போது எப்படி இருக்கிறார்?" என்றாள்.

சொல்லத்தான் வேண்டியிருந்தது. 2025ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் தேதி, நூற்றுப்பதினான்கு வயது ஃபௌஜா சிங், தம் கிராமத்துக்கு அருகில் உலாவப் புறப்பட்டுச் சாலையைக் கடக்கையில், வேகமாக வந்த கார் மோதி இறந்தார். மெலிந்த கால் அவரை நிறுத்தவில்லை. புத்திர சோகம் நிறுத்தவில்லை. நூறு வயது நிறுத்தவில்லை. சாலை நிறுத்திவிட்டது.

அந்த அம்மாள் ஒன்றும் பேசவில்லை. கார்டுதான் மெல்லச் சொன்னார். போன ஆண்டு ஒரு நாள் விடியற்காலையில் விக்கிரவாண்டிப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு லாரி உரசினாற்போல் போயிற்றாம். தோளில் கிடந்த துண்டு பறந்துவிட்டது. வீட்டில் அதுவரை சொல்லவில்லை. அன்று முதல் சாலைக்குப் போவதில்லை. ஒரு மைதானத்தில் சுற்றிச் சுற்றி வருகிறார். சுற்று ஒன்றுக்கு 400 மீட்டர்.

"நாற்பது கிலோமீட்டர் ஓட வேண்டுமானால் நூறு சுற்று. ஒரே ஸ்டேஷனை நூறு தடவை கடந்து போகிற மாதிரி" என்றார்.

ஒரு காலத்தில் சலங்கை கேட்டால் சாலையே ஒதுங்கி நின்றதென்று சொன்னேன். "உங்கள் கையிலும் அப்படி ஒரு கோல் இருந்தால்?" என்று கேட்டேன்.

"லாரிக்காரன் காதில் அவன் ஹாரனே விழுவதில்லை, சலங்கையா விழப்போகிறது?" என்றார்.

அகலமான சாலைகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சென்னைக்கு மூன்று மணி நேரத்தில் போய்ச் சேர எனக்கும் ஆசைதான். ஆனால் நாம் போட்ட அத்தனை அகலத்திலும் ஒரு கிழவர் தம் இரண்டு காலால் ஓடிப்போக இரண்டு முழம் இடம் மிச்சம் இல்லையே என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு, விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு வழியாக, ஒரே ஒரு நாளாவது ஓடிப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு இன்னும் ஆசை இருக்கிறது. போன வாரம் பார்த்தபோது, "எப்போது புறப்படுகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"நான் தயார். இன்னும் லைன் கிளியர் வரவில்லை" என்றார்.