அஞ்சிய மருந்தும் அஞ்சாத மருந்தும்: குழந்தைகளின் ஆஸ்துமா சிகிச்சையில் பக்கவிளைவுகளின் வரலாறு

குழந்தையின் வீசிங்குக்கு மருத்துவர் 'பம்ப்' (இன்ஹேலர்) எழுதித் தந்ததும் தமிழ்நாட்டுப் பெற்றோர் பலரிடமிருந்து இரண்டு கேள்விகள் வரும். பழகிப்போய்விடாதா? வளர்த்தி நின்றுவிடாதா? இரண்டாவது கேள்விக்கு எழுபதாண்டுப் பழமை உண்டு. அது பம்பைப் பார்த்துப் பிறந்த அச்சமல்ல, ஸ்டீராய்டு மாத்திரையைப் பார்த்துப் பிறந்தது. இந்தச் சிகிச்சையின் வரலாற்றில் அச்சம் ஓரிடத்திலும் ஆபத்து வேறிடத்திலும் இருந்த காலமே அதிகம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1948-இல் பிலிப் ஹென்ச் மூட்டுவாத நோயாளி ஒருவருக்கு கார்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தார். 1950-இல் ஹென்ச்சுக்கும் இதே துறை ஆய்வாளர்களான கெண்டல், ரைக்ஸ்டீன் ஆகியோருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதற்குள் அந்த மருந்து ஆஸ்துமாவுக்கும் வந்துவிட்டது. பலன் கண்கூடாகத் தெரிந்தது. மாதக்கணக்கில் தொடர்ந்தபோது விலையும் தெரிந்தது. குழந்தையின் முகம் நிலவுபோல் உப்பியது, எலும்பு மெலிந்தது, கண்ணில் புரை விழுந்தது, உயரம் கூடுவது தடைப்பட்டது. உடல் தானே சுரக்கும் கார்டிசோல் அடங்கிப்போனதால் மருந்தைச் சட்டென நிறுத்தினாலும் உயிருக்கு ஆபத்து. ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கும் முறை 1960-களில் பரவியபோது பாதிப்பு குறைந்ததே தவிர ஒழியவில்லை. 'ஸ்டீராய்டு' என்றால் கடைசிக்கு வைத்துக்கொள்ள வேண்டியது என்ற எண்ணம் மருத்துவர்களிடமே வேரூன்றிய காலம் அது.

யாரும் அஞ்சாத ஒரு மருந்து அதே காலத்தில் சந்தைக்கு வந்தது. தலைமுடிக்கு அடிக்கும் ஸ்ப்ரேபோல ஆஸ்துமா மருந்தையும் ஏன் டப்பாவில் அடைக்கக்கூடாது என்று ரைக்கர் மருந்து நிறுவனத் தலைவர் ஜார்ஜ் மெய்சனின் பதின்மூன்று வயது மகள் கேட்டாளாம். அவளுக்கும் ஆஸ்துமா. அளவோடு மருந்து பீய்ச்சும் முதல் இன்ஹேலர் 1956-இல் வெளியானது. அதில் இருந்த ஐசோபிரனலின் மூச்சுக்குழாயை விரிக்கும். கூடவே இதயத்தையும் முடுக்கும். பிரிட்டனில் இதன் ஐந்து மடங்கு வீரியமுள்ள 'ஃபோர்ட்' வகையும் விற்பனைக்கு வந்தது. மருந்துச்சீட்டு இல்லாமலேயே வாங்க முடிந்தது.

இங்கிலாந்திலும் வேல்சிலும் 1959-க்கும் 1966-க்கும் இடையே, 10 முதல் 14 வயது வரையுள்ளோரின் ஆஸ்துமா மரணங்கள் ஏறக்குறைய எட்டு மடங்காயின. 1966-இல் அந்த வயதினரின் மொத்த மரணங்களில் 7 சதவீதம் ஆஸ்துமாவால் நேர்ந்தவை. ஆய்வாளர்கள் ஸ்பைசர், டால், ஹீஃப் ஆகிய மூவரும் 1968-இல் இதை வெளியிட்டு, நோய் கூடியதோ கணக்கெடுப்பு மாறியதோ காரணமல்ல, புதிய சிகிச்சையையே சந்தேகிக்க வேண்டும் என்றார்கள். எச்சரிக்கை பரவி, கடையில் நேரடி விற்பனையும் நின்றபின் மரணங்கள் இறங்கின. வீரியம் கூடிய வகை விற்ற நாடுகளில்தான் இந்த ஏற்றம் தெரிந்தது, அது விற்காத அமெரிக்காவில் இல்லை என்று 1972-இல் ஆய்வாளர் ஸ்டாலி காட்டினார். மருந்து இதயத்தைத் தாக்கியதா, அல்லது தற்காலிக நிம்மதி தந்து மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போட வைத்ததா என்ற விவாதம் ஓயவில்லை. இரண்டாவதற்கும் கணிசமான பங்கு இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஸ்டீராய்டைத் தள்ளிவைத்த அச்சத்துக்கும் அதில் பொறுப்பு உண்டு.

உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு இந்தப் பின்னணியில்தான் வந்தது. பெக்லோமெத்தசோன் இன்ஹேலரால் மாத்திரையைச் சார்ந்திருந்த நோயாளிகள் பலர் அதைக் கைவிட முடிந்ததை டெர்பி நகரத்து மருத்துவர் ஹாரி மாரோ பிரௌன் 1972-இல் அறிவித்தார். மாத்திரையின் அளவு மில்லிகிராமில், இன்ஹேலரின் அளவு மைக்ரோகிராமில். உள்ளிழுக்கும் ஸ்டீராய்டுகளின் வீரியம் அதிகம் என்பதால் எடையை மட்டும் வைத்து ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் ரத்தத்துக்குப் போய்ச் சேருவது மிகக் குறைவு. வாய்ப்புண்ணும் குரல் கம்மலும் வந்தன. ஸ்பேசர் (இன்ஹேலரில் பொருத்தும் குழல்) வைத்து இழுப்பதும் வாய் கொப்பளிப்பதும் அவற்றைப் பெருமளவு தணித்தன. உயரம் பற்றிய கேள்விதான் எஞ்சியது.

அதை அளப்பது எளிதல்ல. கட்டுக்குள் வராத ஆஸ்துமாவே பருவமடைதலைத் தாமதப்படுத்தி வளர்ச்சியைப் பின்தள்ளும். பழியை மருந்தின்மேல் போடுவதா, நோயின்மேல் போடுவதா? டென்மார்க் ஆய்வாளர்கள் குழந்தையை நாற்காலியில் உட்காரவைத்து, குதிகாலிலிருந்து முழங்கால் வரை உள்ள நீளத்தை மில்லிமீட்டருக்கும் குறைவான துல்லியத்தில் வாரந்தோறும் அளந்து பார்த்தார்கள். சில வார மாற்றத்தை அந்தக் கருவி காட்டிவிடும், ஆனால் இருபது வயதில் உயரம் என்னவாகும் என்று சொல்லாது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1998-இல், ஆண்டுக்குச் சராசரியாக 1 செ.மீ. வளர்ச்சி குறையலாம் என்று எல்லா உள்ளிழுக்கும் ஸ்டீராய்டுகளின் குறிப்பிலும் சேர்க்கச் செய்தது. பத்து ஆண்டு எடுத்தால் 10 செ.மீ. போய்விடும் என்று பெற்றோர் பெருக்கிப் பார்த்திருந்தால் குறை சொல்ல முடியாது.

அந்தப் பெருக்கல் தப்பு என்பது 2000-இல் தெரிந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 5 முதல் 12 வயதுக்குட்பட்ட 1,041 குழந்தைகளை நான்கு ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்த 'கேம்ப்' ஆய்வில், பியூடசோனைடு என்ற உள்ளிழுக்கும் ஸ்டீராய்டைப் பெற்றவர்கள் ஒப்பீட்டுக் குழுவைவிட 1.1 செ.மீ. குறைவாக வளர்ந்திருந்தார்கள். அந்த இழப்பில் பெரும்பகுதி முதல் ஆண்டோடு முடிந்துவிட்டது. அதே ஆண்டில் வெளியான டேனிஷ் ஆய்வு, பெரியவர்களானபின் இழப்பே இல்லை என்றது. அது பெற்றோரின் உயரத்தை வைத்துக் கணித்த இலக்கோடு ஒப்பிட்டது; கேம்ப் குலுக்கல் முறையில் குழு பிரித்தது. அதனால் நான் அதிகம் நம்புவது கேம்ப் ஆய்வையே. அதே பிள்ளைகளை இருபத்தைந்து வயது வாக்கில் அளந்தபோது (2012) வித்தியாசம் 1.2 செ.மீ. இழந்தது திரும்பவில்லை, மேலும் இழக்கவுமில்லை.

ஆனால் அளவு மீறினால் கதை வேறு. பிரிட்டனில் 2002-இல் வெளியான கணக்கெடுப்பு, அட்ரீனல் நெருக்கடிக்கு (உடலின் கார்டிசோல் அடங்கிப்போவதால் வரும் ஆபத்து நிலைக்கு) ஆளான 33 பேரைப் பதிவு செய்தது. அவர்களில் 28 பேர் குழந்தைகள். ரத்தச் சர்க்கரை சரிந்து, மயங்கியும் வலிப்பு கண்டும் வந்தவர்கள் அவர்களில் பலர். முப்பது பேர் எடுத்தது ஃப்ளூட்டிகசோன் என்ற உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு. தினசரி அளவு 500 முதல் 2,000 மைக்ரோகிராம் வரை; குழந்தைகளுக்கு அங்கே அனுமதிக்கப்பட்ட உச்சமோ 400. விழுங்கப்படும் பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடும் என்பதால் பாதுகாப்பானதெனப் பெயர் வாங்கிய மருந்து அது. நுரையீரல் வழியே ரத்தத்தில் கலக்கும் பகுதிக்கு அந்தக் காப்பு கிடையாது.

ஸ்டீராய்டுக்கு அஞ்சியவர்கள் போன மாற்றுவழிகளுக்கும் இதே வரலாறு உண்டு. சுவைத்துத் தின்னும் மான்டெலுகாஸ்ட் மாத்திரை 1998-இல் அனுமதி பெற்றது. கெட்ட கனவு, எரிச்சல், தற்கொலை எண்ணம் பற்றிய செய்திகள் சேர்ந்துகொண்டே வர, 2020-இல் அமெரிக்காவில் அதற்குக் கட்டமிட்ட எச்சரிக்கை விதிக்கப்பட்டது. நம் வீடுகளில் பம்புக்குப் பதிலாக விரும்பப்படுவது, மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புட்டமால் சிரப். அதில் 5 மி.லி.க்கு 2 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. அதே மருந்தின் பம்பில் ஓர் அழுத்தத்தில் வருவது 100 மைக்ரோகிராம், அதாவது இருபதில் ஒரு பங்கு. சிரப் வயிறு வழியாக உடலெங்கும் சுற்றியே நுரையீரலுக்கு வருகிறது. குடித்த குழந்தைக்குக் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், ராத்திரி தூக்கம் வராது. இதைச் சளி மருந்தின் சாதாரண குணமென்று எடுத்துக்கொள்ளும் அதே வீட்டில்தான் ஸ்டீராய்டு பம்பின் 1 செ.மீ. பேசப்படுகிறது.