கிட் முறைமைக்கு லினக்ஸ் மாறியபோது விடுபட்ட வரலாறு

லினக்ஸ் கெர்னலின் மூலநிரல் 2002 முதல் பிட்கீப்பர் என்னும் தனியுரிமை மென்பொருளில் பேணப்பட்டு வந்தது. ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் அதன் நெறிமுறையை ஆராய்ந்து தனிக்கருவி ஒன்றை எழுத முற்பட்டதையொட்டிப் பூசல் எழுந்தது. 2005 ஏப்ரலில் இலவச உரிமம் விலக்கிக்கொள்ளப்பட்டது. லினஸ் டோர்வால்ட்ஸ் சில நாட்களிலேயே கிட் முறைமையை உருவாக்கினார் என்பது பலரும் அறிந்ததே. அதன்பின் நிகழ்ந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

ஏப்ரல் 16 அன்று 2.6.12-ஆர்சி2 பதிப்பின் 17,000-க்கும் மேற்பட்ட கோப்புகள் ஒரே பதிவாகக் கிட்டில் ஏற்றப்பட்டன. முந்தைய மாற்றங்களின் வரலாறு கைவசம் இருந்தும் சேர்க்கப்படவில்லை. சேர்த்தால் ஏறத்தாழ 3.2 ஜிபி ஆகும் என அப்பதிவின் குறிப்பே காரணம் கூறுகிறது. ஆகவே, அதற்கு முற்பட்ட வரி ஒன்றை எழுதியவர் யாரெனக் கிட்டில் தேடினால் டோர்வால்ட்ஸ் பெயரே கிடைக்கும். சுவடியைப் படியெடுத்தவரை நூலாசிரியராகக் கொள்வதற்கு ஒப்பான பிழை இது. பங்களிப்பாளரைக் கணக்கிடும் ஆய்வுகள் இப்பதிவை விலக்காவிடில், 1991 முதலான 14 ஆண்டுகளின் கூட்டுழைப்பு ஒருவர் கணக்கில் சேர்ந்துவிடும்.

பின்னர் தாமஸ் கிளைக்ஸ்னர் பிட்கீப்பர் காலப் பதிவுகளைத் தனிக் களஞ்சியமாக மீட்டமைத்தார். அதனை இன்றைய களஞ்சியத்தோடு இணைத்துப் பார்க்கும் வசதி கிட்டில் உண்டு. அவ்விணைப்பை ஆய்வாளரே தம் கணினியில் செய்துகொள்ளல் வேண்டும். 2002-க்கு முற்பட்ட காலத்துக்கோ, வெளியீட்டுத் தொகுப்புகளையும் மடற்குழுப் பதிவுகளையும் ஒப்புநோக்கியே ஆசிரியரைத் துணிய இயலும்.