குடும்பம் என்னும் பிரசங்கம்: மத்திய ஆஸ்திரேலியாவில் சம்பளமில்லா ஊழியம்

1

'குடும்பமா ஊழியம் பண்றாங்க' – தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் இப்படிச் சொல்லும்போது குரலில் ஒரு தனி மரியாதை ஏறிவிடும். நிரந்தரச் சம்பளம் இல்லாமல், மனைவி மக்களோடு, தார்ச்சாலை எட்டாத ஊர்களில் சுற்றி வேலை செய்கிறவர்கள் என்பது அதன் பொருள். ஆனால் ஊழியம் என்ற சொல்லுக்கு இன்னொரு வரலாறும் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூரில் ஊழியம் என்றால், ஒடுக்கப்பட்ட சாதிகளிடமிருந்து கூலியில்லாமல் கட்டாயமாக வாங்கப்பட்ட உழைப்பு. மனமுவந்து கொடுத்ததும் ஊழியம், மிரட்டி வாங்கியதும் ஊழியம். மொழி இரண்டையும் ஒரே சொல்லில் கட்டிப்போட்டிருப்பது தற்செயலாக இருக்கலாம். ஆனாலும் தொண்டு என்று பெயர் வைக்கப்பட்ட எந்தச் செயலையும் வாசிக்க இந்தத் தற்செயல் நமக்குக் கைகொடுக்கும். ஒரு தொண்டு நடக்கிற இடத்தில் யாருடைய கூலியில்லா உழைப்பு தியாகமாக எழுதப்படுகிறது? யாருடையது எழுதப்படாமலே போகிறது?

இந்தக் கேள்வியோடு 1910க்கும் 1935க்கும் இடைப்பட்ட மத்திய ஆஸ்திரேலியாவைப் பார்க்க விரும்புகிறேன். ஏன் அந்த இடம், ஏன் அந்தக் காலம்? ஒரு வெள்ளைக் குடும்பம் வண்டி கட்டிக்கொண்டு பூர்வகுடிகளிடம் சுவிசேஷம் சொல்லப் போன அதே வருஷங்களில், அதே நிலத்தில், பூர்வகுடிக் குடும்பங்களைப் பிரிக்கும் அதிகாரத்தை அரசு சட்டமாகவே கையில் வைத்திருந்தது. ஒன்றை மிஷன் வரலாறு என்றும் மற்றதை அரசு வரலாறு என்றும் தனித்தனியாகச் சொல்லிப் பழகிவிட்டார்கள். இரண்டையும் ஒன்றாக வைத்துப் படித்தால்தான் விஷயம் பிடிபடும்.

2

எர்னஸ்ட் கிரேமர் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். இளைஞராக ஆஸ்திரேலியாவுக்கு வந்து, 1910களில் மனைவி யுஃபீமியாவோடு வடக்கு நோக்கிக் கிளம்புகிறார். கழுதைகள் இழுக்கும் கூண்டு வண்டி. வீடும் அதுதான், கோயிலும் அதுதான். பிற்பாடு ஒட்டகங்கள் வந்தன. பிள்ளைகளும் இந்த அலைச்சலுக்குள்ளேயே வளர்ந்தார்கள். ரயில் அப்போது ஊட்னடாட்டாவோடு நின்றுவிடும். ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு அது வந்து சேர்ந்தது 1929-ல்தான். 1920களில் குடும்பம் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் தங்கி அங்கிருந்து சுற்றுப் பயணங்கள் போக ஆரம்பித்தது. பூர்வகுடிகளின் நண்பர்கள் சங்கம் என்ற அடிலெய்டு அமைப்பின் ஆதரவு பிந்தித்தான் கிடைத்தது. அதுவரை, 'கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்பதுதான் பொருளாதாரம்.

இதை 'விசுவாச மிஷன்' என்பார்கள். சீன உள்நாட்டு மிஷன் 19ஆம் நூற்றாண்டில் பரப்பிய முறை இது. ஊழியருக்குச் சம்பளம் உறுதி கிடையாது. யாரிடமும் நேரடியாகக் காசு கேட்கக்கூடாது. ஜெபமும் செய்தியும் மட்டும். சரி, காசு எப்படி வரும்? கடிதங்கள், சிறு பத்திரிகைகள், நகரத்துக் கூட்டங்கள் வழியாக வரும். கிரேமர் தன் 'வண்டி மிஷன்' பற்றி வெளியிட்ட சிறுநூலும் இந்த வகைதான். அதாவது, பாலைவனத்தில் நடக்கிற வேலை நகரத்தில் கதையாக மாறினால்தான் வண்டி நகரும். இந்தக் கதைக்கு ஒரு பாத்திர அமைப்பு தேவை: கஷ்டப்படுகிற குடும்பம் ஒன்று, காத்துக்கிடக்கிற இருட்டு ஒன்று. பூர்வகுடி அந்த இருட்டாகத்தான் கதைக்குள் நுழைய முடியும். மிஷனரி நல்லவரா கெட்டவரா என்ற விசாரணையால் இதைப் புரிந்துகொள்ள முடியாது. கதையாடலின் அமைப்பே அப்படி.

இந்த வண்டியைச் சுற்றி மூன்று விதமான சம்பளமில்லா உழைப்பு இருந்தது. முதலாவது, கணவருடையது. அது தியாகம் என்று பதிவாகிறது. ஆஸ்திரேலிய வாழ்க்கை வரலாற்று அகராதியில் அவர் பெயரில் ஒரு பதிவு உண்டு. இரண்டாவது, மனைவியுடையது. கணவர் பெயரிலுள்ள பதிவுக்குள்தான் அதைத் தேடிப் பார்க்க வேண்டும். ஆனால் குடும்பம் என்று சொல்லத்தக்கதாக அந்த வண்டியை ஆக்கியதே அவர்தான். வழியில் சமையல், துணி, காய்ச்சல், பிள்ளைகளின் படிப்பு எல்லாவற்றையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது பிரசங்கம் செய்துகொண்டு அலைகிற ஒரு தனி ஆள்தான். மூன்றாவது, வழிகாட்டியினுடையது. கிரேமரோடு நெடுந்தூரம் பயணம் செய்த மிக்கி டௌ டௌ என்ற பூர்வகுடிக்காரர் வழியும் காட்டினார், மொழியும் பெயர்த்தார். தண்ணீர் எங்கே கிடைக்கும் என்ற அறிவு இல்லாமல் அந்த நிலத்தில் ஒரு வாரப் பயணம்கூட சாத்தியமில்லை. அந்த அறிவு மிஷனின் சொத்துக் கணக்கில் எங்கேயும் வராது. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட உழைப்புக்குப் பொதுவாகக் கிடைத்தது மாவு, சர்க்கரை, தேயிலை, கொஞ்சம் துணி. மத்திய ஆஸ்திரேலியாவில் இந்த ரேஷன் எப்படி ஓர் ஆட்சிமுறையாகவே இயங்கியது என்பதை 1998-ல் வந்த தன் நூலில் டிம் ரௌஸ் விரிவாகக் காட்டியிருக்கிறார்.

3

இப்போது அரசின் பக்கம் வருவோம். 1910-ல் வட மண்டலத்துக்காக இயற்றப்பட்ட சட்டம், தலைமைப் பாதுகாவலர் என்ற அதிகாரியை ஒவ்வொரு பூர்வகுடிக் குழந்தைக்கும் 18 வயதுவரை சட்டபூர்வக் காப்பாளராக்கியது. பெற்றோர் உயிரோடு இருந்தாலும் அவர்தான் காப்பாளர். அடுத்த வருஷம் வட மண்டலம் மத்திய அரசின் கைக்குப் போனது. 1911லும் 1918லும் வந்த ஆணைகள் இந்த அதிகாரத்தைத் தொடரச் செய்தன. பூர்வகுடித் தாய்க்கும் வெள்ளைத் தகப்பனுக்கும் பிறந்த குழந்தைகள்தான் முக்கிய இலக்கு. ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் 1914-ல் அப்படிப்பட்ட குழந்தைகளுக்காகத் தகரக் கொட்டகைகள் எழுந்தன. அதற்கு வைத்த பெயர் 'பங்களா'!

ஆக, ஊருக்குள் தகரக் கொட்டகையில் தாயைப் பிரிந்த பிள்ளைகள். ஊருக்கு வெளியே தாய் தகப்பனோடு வண்டியில் வந்து இறங்குகிற வெள்ளைப் பிள்ளைகள். மிஷன் குடும்பம் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே பிரசங்கம் தொடங்கிவிடுகிறது. 'குடும்பம் என்றால் இதுதான்' என்று அந்த வண்டி சொல்கிறது. அத்தை, மாமன், பாட்டி என்று விரிந்து, நிலத்தோடும் மூதாதையரோடும் பின்னிக்கிடந்த பூர்வகுடி உறவுமுறை அந்தப் பார்வையில் குடும்பமாகவே தெரிவதில்லை. குடும்பம் இல்லாத இடத்திலிருந்து குழந்தையை எடுத்தால் அது பிரித்தல் ஆகாது, மீட்டல் ஆகிவிடும். அரசின் சட்டத்துக்குத் தேவைப்பட்ட நியாயம் இதுதான். கிரேமர் தம்பதி சட்டத்தை எழுதவில்லை. ஆனால் அவர்கள் ஊர் ஊராகக் காட்டிக்கொண்டு போன படமும் சட்டத்தின் படமும் ஒன்றாக இருந்தன என்பதுதான் என் வாசிப்பு.

4

சரி, மிஷனரிகள் எல்லாரும் அரசின் கையாட்கள் என்று முடித்துவிடலாமா? நமக்கு அது சுலபம். 1928 அந்தச் சுலபத்தைக் கெடுக்கிறது.

கடும் பஞ்சம். மாடுகள் வந்து நீர்ச்சுனைகளைப் பிடித்துக்கொண்டன. ஆகஸ்ட் மாதம் கோனிஸ்டன் மாட்டுப் பண்ணை அருகே ஃபிரெட் புரூக்ஸ் என்ற வெள்ளைக்கார டிங்கோ வேட்டைக்காரர் கொல்லப்பட்டார். அதற்குப் பதிலாக, காவலர் ஜார்ஜ் மர்ரி தலைமையில் போன குழுக்கள் வாரக்கணக்கில் வார்ல்பிரி, அன்மட்யெர், கய்டெட்யெ மக்களைச் சுட்டுத் தள்ளின. விசாரணைக் குழு ஒப்புக்கொண்ட எண்ணிக்கை 31. அறுபதுக்கு மேல் என்பது பிற்கால ஆய்வாளர்களின் கணக்கு. அந்த மக்களின் நினைவில் அது இன்னும் அதிகம். விசாரணைக் குழுவின் மூவரில் ஒருவர் மத்திய ஆஸ்திரேலியாவின் நிர்வாகி காவுட். மர்ரியை அனுப்பியவரே அவர்தான். 1929 ஜனவரியில் குழு முடிவு சொன்னது: சுட்டது அத்தனையும் நியாயம்.

நம் விஷயத்துக்கு முக்கியம் இதற்கு அடுத்த பகுதி. கலவரத்துக்கு என்ன காரணங்கள் என்று குழு ஒரு பட்டியல் போட்டது. எந்த அமைப்பிலும் சேராமல் இடம்விட்டு இடம் அலைந்து சமத்துவம் போதிக்கிற மிஷனரிகள் அதில் ஒரு காரணம். நிர்வாணமான கறுப்பர்களுக்கு நடுவில் குடியிருந்து வெள்ளையர் மீதான மரியாதையைக் குறைத்த மிஷனரிப் பெண் இன்னொரு காரணம். கொன்றவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. சமத்துவம் என்ற சொல்லை உச்சரித்தவர்கள் மேல் பழி. இதைவிட நேர்மையாக ஓர் அதிகாரம் தன்னைக் காட்டிக்கொடுக்க முடியாது.

அந்தப் பெண் ஆனி லாக். அப்போது வயது 52. கணவர் இல்லை, குழந்தைகள் இல்லை, வண்டிக் குடும்பம் இல்லை. ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடக்கே தனியாகக் கொட்டாய் போட்டு, நோயாளிக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர். படுகொலைச் செய்தி வெளியே போனதில் அவருக்கும் மெதடிஸ்ட் மிஷனரி அத்தோல் மக்ரெகருக்கும் பங்கு உண்டு. இங்கே குடும்பம் என்பது அலைவதற்கான அனுமதிச் சீட்டாகவும் இருந்ததைப் பார்க்கலாம். மனைவி மக்களோடு அலைந்தால் ஊழியம். அதே நிலத்தில் ஒரு பெண் தனியாக இருந்தால் கலவரத்துக்குக் காரணம்.

ஆனி லாக்கைக் கதாநாயகியாக்கி விடலாமா என்றால் அதுவும் முடியாது. 1924-ல் ஊட்னடாட்டாவில் பூர்வகுடிக் குழந்தைகளுக்கான இல்லத்தைத் தொடங்கியவரும் இதே ஆனி லாக்தான். அது 1927-ல் குவோர்ன் என்ற ஊருக்கு மாறி கோல்புரூக் இல்லம் ஆனது. பிற்பாடு ஐக்கிய பூர்வகுடிகள் மிஷன் என்று பெயர் பெற்ற விசுவாச மிஷனுடையது. சம்பளம் வாங்காத பெண்கள் ராப்பகலாக உழைத்து நடத்திய இல்லம். லோவிட்ஜா ஓடோனஹூ இரண்டு வயதில் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கப்பட்டார். பின்னாளில் பூர்வகுடிகளின் மிக முக்கியமான தலைவர்களில் ஒருவராக வளர்ந்து 2024-ல் மறைந்தவர். தன் தாய் லிலியை அவர் மறுபடி பார்த்தபோது முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இல்லத்தை நடத்தியவர்களின் அன்பு பொய்யாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அந்த அன்பு நடப்பதற்கு ஒரு தாய் தன் பிள்ளையை இழக்க வேண்டியிருந்தது. ஊழியம் என்ற சொல்லின் இரண்டு அர்த்தமும் சந்திக்கிற இடம் இது. கொடுத்தவர் பெயர் தெரிகிறது. யாரிடமிருந்து எடுக்கப்பட்டது என்பதைக் கேட்க 1997-ல் வந்த விசாரணை அறிக்கைவரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1910க்கும் 1970க்கும் இடையில் மூன்றில் ஒன்றிலிருந்து பத்தில் ஒன்று வரையான பூர்வகுடிக் குழந்தைகள் பிரிக்கப்பட்டார்கள் என்று அது சொன்னது.

5

அதே காலத்தில், அதே பாதைகளில், இன்னொரு ஊழியக் குடும்பமும் போய்க்கொண்டிருந்தது. வண்டிகூடக் கிடையாது. ஒரு கழுதை, பெரும்பாலும் கால்நடை.

மோசஸ் ஜல்கபோட்டா அரண்டா இனத்தவர் (இன்று அவர்கள் தங்களை அரெர்ண்டெ என்று எழுதுகிறார்கள்). 1870 வாக்கில், ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன் மிஷன் தொடங்கிய 1877க்கு முன்பே பிறந்தவர். மிஷனில் படித்து ஞானஸ்நானம் பெற்றார். நடுவயதில் கண் பார்வை போனது. கார்ல் ஸ்ட்ரெலோ அரண்டா மொழியையும் தொன்மங்களையும் பதிவு செய்தபோது உடனிருந்து உதவியவர்களில் ஒருவர். பார்வை போன பிறகு மனைவி சோஃபியா கூட நடந்து வழிகாட்ட, ஊர் ஊராகப் போய்த் தன் மொழியிலேயே பிரசங்கித்தார். 1954-ல் இறந்தார்.

இவர்களைக் கிரேமர் குடும்பத்துக்கு எதிரே வைத்துப் பாருங்கள். இவர்கள் போனது அந்நிய நிலத்துக்கு இல்லை, சொந்தக்காரர்களிடம். தண்ணீர் எங்கே என்று சொல்ல வழிகாட்டி வேண்டாம். இங்கே வழிகாட்டியே மனைவி. மோசஸை வெறுமனே மிஷனின் எதிரொலி என்று தள்ளிவிட முடியாது. அதே சமயம் பழைய சடங்குகளை அவர் கடுமையாக விமர்சித்தார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. தன் மக்களின் உலகம் உடைந்துகொண்டிருந்தபோது, அதற்குள்ளிருந்தே எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று தீர்மானித்த ஒரு தன்னிலை அவர். காலனியம் பூர்வகுடிகளுக்குத் தர மறுத்தது இந்தத் தீர்மானிக்கும் இடத்தைத்தான். அவருடைய நினைவுகள் அவர் மொழியிலேயே எழுதி வைக்கப்பட்டதால் நமக்கு அவர் கிடைக்கிறார். சோஃபியாவுக்கு அந்த வசதியும் இல்லை. யுஃபீமியாவைப் போலவே அவரையும் கணவரின் கதைக்குள் போய்த்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. நிறமும் அதிகாரமும் வேறு வேறாக இருந்தும் இந்த ஒரு விஷயத்தில் இரண்டு வண்டிப்பாதையும் ஒன்றாகிவிடுகிறது.

6

2008-ல் ஆஸ்திரேலியப் பிரதமர் பிரிக்கப்பட்ட தலைமுறைகளிடம் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 2018-ல் வட மண்டலக் காவல்துறை கோனிஸ்டனுக்காக மன்னிப்புக் கேட்டது. 2023-ல் பூர்வகுடிகளுக்கு அரசியல் சட்டத்தில் ஓர் ஆலோசனைக் குரல் தரலாமா என்று கேட்டபோது பெரும்பான்மை முடியாது என்றது. மன்னிப்புக் கேட்பது சுலபமாகவும், அவர்கள் சொல்வதைக் கேட்பது கஷ்டமாகவும் இருக்கிறது போல.

இதைப் படிக்கிற நம்மில் பலர் இயக்கங்களில் இருப்பவர்கள். மலைக்கும் குப்பத்துக்கும் சேரிக்கும் போகிறவர்கள். சம்பளம் வாங்குவதில்லை என்பதில் நமக்கும் ஒரு பெருமை உண்டு. அந்தப் பெருமையை விடச் சொல்லவில்லை. போன ஊரில் நமக்குச் சோறு வடித்தது யார், பேச்சுவழக்கை விளக்கியது யார், நாம் திரும்பி வந்த பிறகு போலீஸ் ஸ்டேஷனில் போய் உட்கார்ந்தது யார் என்று ஒரு கணக்கு எழுதிப் பார்க்கலாம். நம் அறிக்கைகளில் அந்தப் பெயர்கள் இருக்கின்றனவா? வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நம்மை அனுப்பி வைத்தவர் பெயர்?