ரம்பத்தின் கதை: ஆள் ரம்பம் முதல் செயின் சா வரை

மதுரைப் பக்கம் மரம் அறுக்கும் தொழிலில் இருப்பவர்கள் நாலு பேர் டீக்கடையில் கூடினால் பேச்சு கடைசியில் ஓரிடத்தில் வந்து நிற்கும். ஸ்டில் மிஷின் நல்லதா, ஹஸ்க்வர்னா நல்லதா? ஒருவர் ஜெர்மன்காரனைத் தூக்கிப் பேசுவார். இன்னொருவர் சுவீடன்காரனை விட்டுக்கொடுக்க மாட்டார். மூன்றாமவர், "அந்தக் காசுக்கு நாலு சைனா மிஷின் வாங்கிடலாம்ணே" என்பார். புல்லட்டா ஜாவாவா என்று நம் இளவட்ட நாட்களில் நடந்த சண்டை மாதிரிதான் இதுவும்.

நான் கோடாலி பிடித்தவன் அல்ல, பேனா பிடித்தவன். ஆனால் வருவாய்த் துறையில் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு மரத்தோடு உறவு உண்டு. புறம்போக்கில் நிற்கும் மரத்தின் மகசூலை அனுபவிக்க 2-சி பட்டா, சாலையோரப் புளியமரங்களுக்குப் புளி ஏலம், பட்டுப்போன மரத்துக்கும் காற்றில் விழுந்த மரத்துக்கும் தனி ஏலம் என்று மரத்தைச் சுற்றியே எத்தனையோ கோப்புகள். அதனால் மரத்தை முடிக்கும் கருவியின் பூர்வோத்தரத்தையும் தெரிந்துகொள்ள ஆசை வந்தது. படித்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆள் ரம்பம். இன்று எழுபது வயதைத் தாண்டியவர்கள் அதைப் பார்த்திருப்பார்கள். பெரிய தடியைக் குழிக்கு மேலே கிடத்துவார்கள், அல்லது முட்டுக் கொடுத்துச் சாய்வாக ஏற்றுவார்கள். ஒருவர் மேலே ஏறி நிற்பார், இன்னொருவர் கீழே. சாயத்தில் தோய்த்த நூலைத் தெறித்துப் போட்ட கோட்டின் மேலேயே ரம்பம் போக வேண்டும். கோடு தப்பாமல் பார்ப்பது மேலே நிற்பவர் பொறுப்பு. கீழே இருப்பவருக்குக் கண்ணிலும் மூக்கிலும் மரத்தூள். ஒரு பலகை இறங்குவதற்குள் வேட்டி நனைந்துவிடும். நம் பக்கத்துப் பழைய வீடுகளின் நிலை, உத்தரம், கதவு எல்லாம் இப்படி இரண்டு மனிதரின் மூச்சில் அறுபட்டவைதான். செட்டிநாட்டு வீடுகளுக்கு வந்த பர்மாத் தேக்குக்கு மட்டும் ரங்கூனிலும் மௌல்மீனிலும் நீராவி ரம்ப மில்கள் இருந்தன.

இந்த இடத்தில் என் பள்ளிக்கூடப் பிரெஞ்சு கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது. பிரான்சிலும் இதே ஜோடித் தொழில் இருந்தது. அவர்களை 'ஸியேர் து லோங்' என்பார்கள், அதாவது நீளவாக்கில் அறுப்பவர்கள். மத்தியப் பிரான்சின் மலைக் கிராமங்களிலிருந்து ஆண்டுதோறும் பல மாதம் பிழைப்புக்காகக் கிளம்பிப் போய், ஊர் ஊராக மரம் அறுத்துவிட்டுத் திரும்பிய ஏழைகள் அவர்கள். செயின் சாவுக்குப் பிரெஞ்சில் பெயர் 'த்ரோன்சொனேஸ்'. 'த்ரோன்சோன்' என்றால் துண்டு. துண்டு போடுகிறவள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்த மொழியில் அது பெண்பால். நம் பத்திரிகைகளோ 'மின் ரம்பம்' என்று எழுதுகின்றன. தெருவில் நாம் பார்ப்பது பெரும்பாலும் பெட்ரோலில்தான் ஓடுகிறது, மின்சாரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

சங்கிலியில் பல் வைத்து அறுக்கலாம் என்ற யோசனை முதலில் தோன்றியது மரவெட்டிக்கு அல்ல, வைத்தியருக்கு. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தில் ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்ற இரு மருத்துவர்கள் கையால் இழுக்கும் சிறு பல் சங்கிலியைப் பயன்படுத்தினார்கள். சிக்கலான பிரசவத்தில் இடுப்பெலும்பு இணையும் இடத்தைப் பிரிக்கவும், சீழ்ப்பிடித்த எலும்பை எடுக்கவும் அது உதவியது. 1830-ஐ ஒட்டி பெர்ன்ஹார்ட் ஹைனே என்ற ஜெர்மானியர் அதற்குக் கைப்பிடியும் சுழற்றும் விசையும் வைத்தார். மயக்க மருந்து வராத காலம் அது. நினைத்தாலே உடம்பு நடுங்குகிறது.

காட்டுக்கு வந்த சங்கிலி ஜெர்மனியில் பிறந்தது. ஆண்ட்ரியாஸ் ஸ்டில் 1926-ல் ஸ்டுட்கார்ட்டில் தொழில் தொடங்கி, மின்சாரத்தில் ஓடும் ரம்பம் ஒன்றைச் செய்தார். எடை 64 கிலோ, தூக்க இரண்டு ஆள். மறு ஆண்டே எமில் லெர்ப் என்பவர் துரிங்கியா மாநிலத்தில் டோல்மர் என்ற மலையில் தம்முடைய பெட்ரோல் ரம்பத்தை ஓட்டிப் பார்த்தார். அந்த மலையின் பெயரே 'டோல்மர்' என்ற பிராண்டின் பெயராயிற்று. 1929-ல் ஸ்டிலின் பெட்ரோல் மிஷின் 46 கிலோவுக்கு வந்தது. ஒரே ஆள் தூக்கும் ஸ்டில் 1950-ல் 16 கிலோவில் வந்தது. 1959-ல் வந்த 'கோன்ட்ரா' 12 கிலோதான். முப்பத்து மூன்று ஆண்டில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே எடை இறங்கியதுதான் இந்தக் கருவியின் உண்மையான சரித்திரம்.

எடை குறைந்தால் போதுமா, பல் சரியாக இருக்க வேண்டாமா? பழைய சங்கிலிகளில் கை ரம்பத்தின் பல்லையே வைத்தார்கள். அது மரத்தைச் சுரண்டியது, சீக்கிரம் மழுங்கியது. 1946-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, விறகில் ஒரு வண்டுப் புழு மரத்தைத் தின்பதைக் கவனித்தார். அதன் தாடை இடமும் வலமுமாக மாறி மாறிச் சீவியது. அதைப் பார்த்து, இடது பல் ஒன்று, வலது பல் ஒன்று என்று சீவிக்கொண்டு போகும் சங்கிலியை வடிவமைத்தார். 1947-ல் அவர் தொடங்கிய தொழில்தான் இன்றைய ஓரிகன் செயின். எந்த மிஷின் ஆனாலும் அதில் ஓடும் சங்கிலி அந்தப் புழுவின் வாரிசுதான்.

இனி ஹஸ்க்வர்னா. அது 1689-ல் சுவீடன் அரசருக்குத் துப்பாக்கி செய்யத் தொடங்கிய தொழிற்சாலை. பின்னால் தையல் மிஷின், சைக்கிள், மோட்டார் சைக்கிள் என்று போய், 1959-ல்தான் முதல் செயின் சாவைச் செய்தது. அந்த 1689-ஐப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. மதுரையில் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பர் இறந்து, கைக்குழந்தைப் பேரனுக்காக ராணி மங்கம்மாள் ஆட்சிப் பொறுப்பை ஏற்றதும் அதே 1689-தான். இங்கே ஒரு பாட்டி சாலை போட்டு, சத்திரம் கட்டி, இரு மருங்கும் மரம் வைத்தார். அங்கே தொடங்கிய பட்டறையின் மிஷின் இன்று சாலையோர மரங்களை அறுக்கிறது. குற்றம் சொல்லவில்லை, காலத்தின் விளையாட்டைச் சொல்கிறேன்.

சரி, எது நல்லது? தொழில்காரர்கள் சொல்வதிலும் நூல்களில் இருப்பதிலும் எனக்குப் புரிந்தது இது. சங்கிலியை நிறுத்தும் பிரேக் ஸ்டிலில் மிஷினின் உடம்போடு இருக்கிறது, ஹஸ்க்வர்னாவில் பெரும்பாலும் பக்க மூடியில் இருக்கிறது. பிரேக் விழுந்திருக்கும்போது அந்த மூடியைக் கழற்றிவிட்டால் திரும்ப மாட்டுவது தொல்லை. கைக்கு அதிர்வு தெரியாமலிருக்க ஸ்டில் நெடுங்காலம் ரப்பரை நம்பியது, ஹஸ்க்வர்னா ஸ்பிரிங்கை நம்பியது. ஸ்பிரிங் கைக்கு மெத்தென்று இருக்கும். ரப்பர் பிடி கெட்டியாக இருக்கும் என்பது ஸ்டில் கட்சியின் பதில். எஞ்சின் இரண்டிலும் டூ ஸ்ட்ரோக். 45 சிசி மிஷின் என்றால் நம் பழைய டி.வி.எஸ். 50 எஞ்சினை விடச் சற்றே சிறியது. ஆனால் மொபெட்டைக் கவிழ்த்தால் நின்றுவிடும். இதை எப்படிச் சாய்த்தாலும் ஓடும். மிதவை இல்லாத டயாஃபிரம் கார்புரேட்டர்தான் காரணம். முழு வேகத்தில் சங்கிலி நொடிக்குச் சுமார் 20 மீட்டர் ஓடுகிறது, மணிக்கு 72 கிலோமீட்டர் என்று கணக்கு வருகிறது.

அறுக்கும் வேகத்தில் பிராண்டை விட மரமும் பல்லும்தான் பெரிது. கூர்முனைப் பல் சுத்தமான மரத்தில் பறக்கும். மண் பட்டால் போச்சு. சற்று உருண்டை முனையுள்ள பல் கொஞ்சம் மெதுவாக அறுக்கும், ஆனால் தாங்கும். நம் சீமைக் கருவேலம் மண்ணை ஒட்டிக் கிளைத்து, தூரெல்லாம் புழுதியாக நிற்பது, அதற்கு உருண்டைப் பல்தான் சரி. சாலையோரப் புளியமரம் இன்னொரு சோதனை. வைரம் பாய்ந்த கட்டை, போதாததற்கு விளம்பரத் தட்டி அடித்த ஆணிகள் உள்ளே புதைந்திருக்கும். பொறி பறந்தால் அன்றைய சங்கிலி முடிந்தது. தென்னை மெத்தென்று அறுபடும், ஆனால் அதன் நார் மூடிக்குள் போய் அடைத்துக்கொள்ளும். நல்ல அறுப்புக்காரரின் பையில் உருண்டை அரம் இருக்கும். டேங்கில் பெட்ரோல் தீரும்போதெல்லாம் நாலு இழுப்பு இழுத்துக்கொள்வார். பல் தீட்டிய சைனா மிஷின், மழுங்கிய ஸ்டிலை முந்திவிடும்.

அதற்காக மூன்றாமவர் கட்சிக்கு நான் ஓட்டுப் போடவில்லை. பட்டையின் மூக்கு மேல்நுனி மரத்தில் இடித்தால் மிஷின் கண் இமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கி எகிறும். முன்கைப் பட்டையில் கை பட்டதும் சங்கிலியை நிறுத்தும் பிரேக் 1970-களின் தொடக்கத்தில் வந்தது அதற்காகத்தான். அந்தப் பட்டை உடைந்தும் மாற்றாமல், கைலியும் செருப்புமாக, கண்ணாடி, தலைக்கவசம் எதுவும் இல்லாமல் மரத்தில் ஏறி அறுக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறோம். வீட்டு மரத்தை அறுக்க ஆள் கூப்பிடும் நாம் கூலியைப் பேரம் பேசுகிறோம், இதைக் கேட்பதில்லை.

இந்த மிஷினின் அருமை தெரிந்தது 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்தபோது. டெல்டாவில் சாய்ந்த தென்னைகளையும் மின்கம்பங்களையும் அகற்ற மற்ற மாவட்ட ஊழியர்கள் போனார்கள். ஆள் ரம்பத்தை வைத்துக்கொண்டு அத்தனை சாலைகளையும் திறக்க எத்தனை மாதம் ஆகியிருக்கும்! அதற்கு முந்தைய ஆண்டு, 2017-ல், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவின்பேரில் சீமைக் கருவேலத்தை அழிக்கும் வேலை மாவட்டம் மாவட்டமாக நடந்தது. பிறகு சென்னையில் தலைமை நீதிபதி அமர்வு இடைக்காலத் தடை விதித்ததும் நினைவிருக்கும்.

ஆனால் நாலுவழிச் சாலைக்காகப் பழைய மரங்கள் போன வேகத்துக்கும் இதே மிஷின்தான் காரணம். அந்த நாளில் ஒரு பெரிய மரத்தை வீழ்த்த நாள் கணக்கு ஆகும். அதற்குள் ஊரில் யாராவது வந்து "ஏம்ப்பா வெட்டுறீங்க, ஆர்டர் இருக்கா?" என்று கேட்க நேரம் இருந்தது. கோப்பில் ஆட்சேப மனு வந்து சேரும். இன்று கேள்வி வருவதற்குள் தூர் மட்டும் நிற்கிறது. இலங்கையில் 2017-ல் செயின் சா வைத்திருப்போர் எல்லாரும் பதிவு செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டார்கள். பிலிப்பைன்சில் 2002-லேயே அதற்குச் சட்டம் வந்தது. துப்பாக்கிக்கு லைசென்சு கேட்பதுபோல இதற்கும் ஒரு கணக்கு இருப்பதில் எனக்குத் தவறு தெரியவில்லை. பழைய குமாஸ்தா புத்தி என்று சிரித்தாலும் சரி.

உங்கள் ஊர்ப் பக்கம் ஆள் ரம்பம் இழுத்தவர்கள் யாராவது இருந்தால், அவர்கள் வழங்கிய சொற்களைக் கேட்டு எழுதுங்கள். மேலே நிற்பவருக்கு என்ன பெயர், கீழே நிற்பவருக்கு என்ன பெயர், ஒரு நாள் கூலி எத்தனை, எந்த மரத்துக்கு எத்தனை நாள்? மிஷின்களின் எடையும் சிசியும் அச்சில் இருக்கின்றன. அந்த மனிதர்களின் கணக்கு அவர்கள் நினைவில் மட்டும்தான் இருக்கிறது.