காயப்பட்ட கரங்களும் கருணை நபியின் துஆவும்

ஹிஜ்ரத்தின் வரலாற்றைப் படிக்கும்போது பத்ரிலும் உஹதிலும் நாம் நின்று நிதானிக்கிறோம். சிறு நிகழ்ச்சிகளை விரைந்து கடந்துவிடுகிறோம். அப்படி நாம் கடந்துவிடும் நிகழ்ச்சி ஒன்று, ஸஹீஹ் முஸ்லிமின் ஈமான் பாடத்தில் ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாகப் பதிவாகியுள்ளது.

தவ்ஸ் குலத்தின் துஃபைல் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்தபோது, அக்குலத்தைச் சேர்ந்த ஒருவரும் உடன் வந்தார். மதீனாவின் தட்பவெப்பம் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நோயுற்றார், மனம் உடைந்தார், தம் கைகளைத் தாமே காயப்படுத்திக்கொண்டு உயிர் நீத்தார். பின்னர் துஃபைல் அவரைக் கனவில் கண்டார். நல்ல தோற்றத்துடனேயே இருந்தார். ஆனால் கைகள் மட்டும் மூடப்பட்டிருந்தன. ஹிஜ்ரத்தின் பொருட்டு மன்னிப்புக் கிடைத்ததாகவும், கைகள் மட்டும் சீராக்கப்படாமல் விடப்பட்டதாகவும் அவர் சொன்னார். இதைக் கேள்வியுற்ற அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அந்தக் கைகளையும் மன்னித்தருளுமாறு இறைவனிடம் இறைஞ்சினார்கள்.

தன்னை மாய்த்துக்கொள்வது ஹராம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதைச் செய்தவர் அதனாலேயே காஃபிராகிவிடுவதில்லை என்பதற்கு இந்த ஹதீஸையே இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ஆதாரமாகக் கொண்டார்கள். உயிரை மாய்த்துக்கொள்ளலாகாது என்று தடுக்கும் அன்னிஸா அத்தியாயத்தின் 29-ஆம் வசனமும் இறைவனின் கருணையைச் சொல்லியே முடிகிறது. நம்மில் பலர் தடையை உரக்கச் சொல்கிறோம். கருணையை முணுமுணுத்துவிட்டுப் போகிறோம்.

இதை எழுத நேர்ந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். கும்மிடிப்பூண்டிப் பகுதியில் ஜும்ஆத் தொழுகைக்குப் பின் ஒரு தந்தை என்னைத் தனியே அழைத்துச் சென்றார். கோடையிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாத தம் மகனைப் பற்றிச் சொன்னார். "ஹஸ்ரத், இவன் ஈமான் போய்விட்டதா?" என்பதே அவர் கேள்வி. ஈமான் போகவில்லை என்று பதிலளித்தேன். ஆனால் அப்பிள்ளையை யாரிடம் அழைத்துச் செல்வது என்பதை நான் சொல்லவில்லை; எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. மஸ்அலா தெரிந்த எனக்கு மருந்து தெரியவில்லை. அந்த வெட்கமே என்னைத் தேடிப் படிக்க வைத்தது.

நம் முன்னோர் இத்துறையை அறியாதவர்கள் அல்லர். கி.பி. 934-ல் மறைந்த பல்கு நகரத்து அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் தம் நூலில் உடலுக்கும் உள்ளத்துக்கும் ஒருசேர மருத்துவம் வகுத்தார். காரணம் தெரிந்த துயரம் வேறு, காரணம் தெரியாமல் உடலிலிருந்தே எழும் துயரம் வேறு எனப் பிரித்தார். அவசரத்துக்கு உதவும் மருந்துகளை வீட்டில் சேமித்து வைப்பதுபோல, மனம் அமைதியாக இருக்கும்போதே நல்லெண்ணங்களைச் சேமித்து வைத்துக் கொந்தளிக்கும் வேளையில் எடுத்துப் பயன்படுத்த வேண்டும் என்றார். 1154-ல் திமிஷ்கில் நூருத்தீனும், 1284-ல் கெய்ரோவில் சுல்தான் கலாவூனும் எழுப்பிய பீமாரிஸ்தான்களில் மனநோயாளிகளுக்கும் இடம் இருந்தது.

அந்த மரபுக்கு உரியவர்களாகிய நாம் எங்கே வந்து நின்றோம்? 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்பியோட வழியின்றி மாண்டனர். இறந்தவர் 28 பேர். நோயைச் சிகிச்சைக்கு உரியதாகக் காணாமல் கட்டிவைக்கத் தக்கதாகக் கண்டதன் விலை அது.

அதே தமிழ் மண்ணில் வேறொரு வழியும் உருவாகி வந்தது. சென்னையில் 1794-ல் தொடங்கிய மனநோய் விடுதியே பின்னாளில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையாயிற்று. அதன் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சாரதா மேனன் 1984-ல் 'ஸ்கார்ஃப்' என்னும் ஆய்வு நிறுவனத்தை நிறுவினார். 1986-ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 'சினேகா'வைத் தொடங்கினார். துயருற்று வருபவரிடம் தீர்ப்புச் சொல்லாமல் செவிகொடுப்பதே சினேகா தொண்டர்களின் பணி.

செவிகொடுப்பதால் உயிர் பிழைக்குமா என்று கேட்கலாம். சென்னையும் ஈரானின் கரஜும் உட்பட ஐந்து நகரங்களில், தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரைக் கொண்டு உலக சுகாதார நிறுவனம் ஓர் ஆய்வு நடத்தியது. ஒரு சாராருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் கிடைத்தது. மறு சாராருக்கு ஒரு மணி நேர உரையாடலும், பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை நலம் விசாரிப்பும் கூடுதலாகக் கிடைத்தன. 2008-ல் முடிவு வெளியாயிற்று. முதல் சாராரில் தற்கொலையால் இறந்தவர் 2.2 விழுக்காடு, மறு சாராரில் 0.2 விழுக்காடு. நலம் விசாரிப்பது நம் மார்க்கம் கற்பித்த கடமையல்லவா?

கும்மிடிப்பூண்டிக்கு இது மிகவும் பொருந்தும். சிப்காட் ஆலைகளுக்காக ஊர்விட்டு வந்த இளைஞர்கள் ஒருபுறம். 1983-க்குப் பின் கடல் கடந்து வந்த இலங்கைத் தமிழர்களின் முகாம் மறுபுறம். 2021-ல் அரசு இத்தகைய முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. ஆனால் பெயர் மாறியதால் மட்டும் பிறந்த மண்ணை இழந்த வலி மாறிவிடாது. மதீனாவின் காற்று ஒத்துக்கொள்ளாத அந்தத் தவ்ஸ் குலத்தவரை இங்கே நினையாமல் இருக்க முடியுமா? தமிழகத்தில் இத்தகைய இரு முகாம்களைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு 2017-ல் வெளியாயிற்று. ஒன்றில் அகதிகளிலிருந்தே தொண்டர்களைப் பயிற்றுவித்தனர். அவர்கள் துயருற்றோரைத் தொடர்ந்து சந்தித்து, கொந்தளிப்பு வரும்போது செய்ய வேண்டியதையும் நாட வேண்டிய ஆளையும் ஒரு சிறு அட்டையில் அவர்களோடு சேர்ந்து எழுதி வைத்தனர். அந்த முகாமில் தற்கொலை முயற்சிகள் குறைந்தன. அல்பல்கீ சொன்ன சேமிப்பு மருந்து, ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் ஓர் அட்டையாக வந்ததோ என்று வியந்தேன்.

உளநல ஆலோசகர் என்ன செய்கிறார்? காயத்தைக் கண்டு அலறுவதில்லை. ஏன் செய்தாய் என அதட்டுவதில்லை. தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைகள் எல்லாரும் சாவை விரும்புபவர்கள் அல்லர். தாங்க முடியாத வேதனையைச் சற்றே தணிக்க அவ்வழியைக் கற்றுக்கொண்டவர்களே பலர். ஆயினும் அவர்களுக்குப் பிற்காலத்தில் ஆபத்து மிகுதி என்பதால், உயிரை விடும் எண்ணம் உண்டா என்று ஆலோசகர் நேரடியாகவே கேட்கிறார். கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக முளைப்பதில்லை. பேச வழி திறக்கிறது. தீங்கு செய்யக்கூடிய பொருள்களை எட்டாமல் வைக்கப் பெற்றோருக்குச் சொல்கிறார். வேதனையைத் தாங்க வேறு வழிகளைப் பிள்ளைக்குப் பொறுமையாகப் பழக்குகிறார்.

போலீஸ் வழக்குக்கு அஞ்சிக் காயத்தை மறைத்த காலமும் இருந்தது. 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கியது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அவ்வாறு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகவே கருதச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டத்தில் பழைய 309-ஆம் பிரிவு இடம்பெறவில்லை. சட்டமே இரங்கிவிட்டது, நம் மஹல்லாக்கள் இரங்க வேண்டாமா?

பெற்றோரே! பிள்ளையின் காயத்தைக் கண்டால் முதலில் காயத்துக்கு மருந்திடுங்கள். பிறகு அருகில் அமர்ந்து கேளுங்கள். ஓதிப் பார்ப்பதோடு மனநல மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். 14416, 104 ஆகிய எண்களில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். இமாம்களும் உஸ்தாதுகளும் இவ்வெண்களைப் பள்ளிவாசல் பலகையில் எழுதி வைக்கட்டும். அன்று அந்தத் தந்தைக்கு நான் சொல்லத் தவறியது இது.

இறந்தவரின் கைகளுக்காகவே ஏந்தல் நபி (ஸல்) அவர்கள் துஆக் கேட்டார்கள் என்றால், உயிரோடு நம் முன் நிற்கும் பிள்ளையின் கைகளை நாம் பற்றிக்கொள்ள வேண்டாமா? வல்ல இறைவன் நம் பிள்ளைகளின் உள்ளங்களுக்கும் கரங்களுக்கும் ஷிஃபாவைத் தந்தருள்வானாக! ஆமீன்.